கீறிவிட்ட பதினோரு செடிகள்

நபோரைப் போன்ற வாயாடியைத் தனியே வாழ விட்டது கடவுள் செய்த அநியாயம். மெக்சிகோவின் சொனோராப் பாலையில், ஒரு மாட்டுப் பண்ணைக்குக் காற்றாடி சுற்றித் தண்ணீர் இறைக்கும் கிணற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. இருபது வருஷமாக அதே வேலை, அதே குடிசை. மாதம் ஒருமுறை லாரியில் மாவும் காப்பித்தூளும் கொண்டுபோகும் என் முகம்தான் அவர் பார்க்கும் ஒரே மனித முகம். அதுவும் அப்படியொன்றும் பார்க்கத் தக்க முகமல்ல.

மஞ்சளாகப் பூத்து நிற்கும் சாம்பிராணிச் செடிகளின் தண்டைக் கீறிவிட்டு, வடிந்த பிசின் இறுகியதும் எடுத்து, மாதா கோயிலில் புகை போட என்னிடம் கொடுத்தனுப்புவார். கீறினவனுக்குத்தான் பிசின், அடுத்தவன் தொடக்கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

அந்த ஏப்ரலில் லாரியை நிறுத்துவதற்குள் ஓடிவந்தார்.

"செவெரோ, சேதி தெரியுமா? மலையடிவாரத்துல யாரோ வந்திருக்கான்!"

"இந்தப் பொட்டக்காட்டுக்கு எவண்ணே வருவான்?"

"பதினோரு செடி கீறியிருக்கான். பிசின் அப்படியே நிக்குது, நான் தொடல. எடுக்க வருவான்ல? தெனமும் போய்ப் பாக்குறேன். கீறத் தெரியாத பய, கன்னாபின்னான்னு கீறி வச்சிருக்கான். வரட்டும், சொல்லிக் குடுக்குறேன்."

குடிசைக்குள் மேசையில் எங்கள் இரண்டு கோப்பைகளோடு மூன்றாவதாக ஒன்றும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

போன மாதம் லாரி அந்த அடிவாரத்தில் சூடேறி நின்றபோது, ஊரில் எல்லோரும் மெல்லும் பிசின் கொஞ்சம் கிடைக்குமே என்று கீறிவிட்டு மறந்துபோன பய நான்தான். சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. திரும்பும் வழியில் பிசின் முழுவதையும் சுரண்டி எடுத்துக்கொண்டேன். ஆள் வந்துபோனான் என்று மனுஷன் சந்தோஷப்படட்டுமே! பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

மே மாதம் அவர் ஓடிவரவில்லை. தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, உங்க ஆளு வந்தானா?"

"வந்தான். ஒரு பொட்டு விடாம எடுத்துட்டுப் போயிட்டான்."

"அப்புறம் என்ன?"

"அங்கிருந்து பாத்தா என் காத்தாடி தெரியும், செவெரோ. அடுப்புப் புகையும் தெரியும். இங்க ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சும் எட்டிப் பாக்காமப் போயிட்டானே."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

உள்ளே போய்க் காப்பி போட்டார். மேசையில் இரண்டு கோப்பைகள்தான் இருந்தன.

"நீ ஒருத்தன்தான்டா மனுஷன்" என்று சொல்லி, என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நான் குடித்தேன்.