ஏலக்காயோடு காய்ந்த புத்தகம்

இன்று நூலகத்தில் ஐரோப்பிய ஓவிய வரலாறு ஒன்றைப் புரட்டுகையில், ஒட்டியிருந்த இரு தாள்கள் மெல்லிய ஒலியுடன் பிரிந்தன. அந்த ஒலியில், ஏலத்தோட்ட ஊரான வண்டன்மேட்டில் நான் பள்ளியில் படித்த நாள்களின் மழைக்காலம் ஒன்று நினைவுக்கு வந்தது.

பள்ளி நூலகத்திலிருந்து, ஐரோப்பிய அறிஞர்களைப் பற்றிய படநூலின் முதல் பாகத்தை எடுத்துவந்து மழையில் நனைத்துவிட்டேன். புத்தகத்தைக் கெடுத்தவர்களுக்கு அடுத்தது தரமாட்டார்கள். நான் அழுதேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பைக் கவனித்துவந்த அப்பா, பச்சைக் காய்களுக்கு நடுவே அதை விரித்துவைத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்தார்.

"ஏந் தாயி, இந்தத் தாடிக்காரர் எந்தப் படத்துலயும் படிச்சுக்கிட்டே இருக்காரே, சோறு திங்கவே மாட்டாரா?"

"உங்களுக்கு எப்பவும் சோத்து நெனப்புத்தான்," என்றேன் அழுகையினூடே.

மறுநாள் அப்பாவும் பள்ளிக்கு வந்தார். "நாந்தான் சார் நனைச்சிட்டேன். பிள்ளைக்குப் புத்தகம் குடுக்காம இருந்துராதீங்க."

நூலக ஆசிரியர் நெளிந்திருந்த தாள்களை முகர்ந்து பார்த்தார். "என்னண்ணே, பாயசத்துல போட்டு எடுத்தீங்களா?" என்று சிரித்துவிட்டு, இரண்டாம் பாகத்தை அப்பாவிடமே நீட்டினார்.

வெளியே மழை வலுத்திருந்தது. அப்பா தலையில் போர்த்தியிருந்த சாக்குக் கொங்காணியை எடுத்துப் புத்தகத்தைச் சுற்றினார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, முழுக்க நனைந்தபடி எனக்கு முன்னால் நடந்தார்.