என்ன என்றால் வருவாள்

என் மகள் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மூன்று வயது தாண்டியும் அப்படித்தான், ஒரு சொல்லும் கதைத்ததில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, செல்லம், குஞ்சு என்று குழைந்தாலும் சரி, தொண்டை கிழியக் கத்தினாலும் சரி, அசையமாட்டாள். காதில் ஒரு குறையும் இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து அறையில் பிஸ்கட் பைக்கற்றை மெதுவாகப் பிரித்தாலும் ஓடி வருவாள். அம்மாவின் குரல் மட்டும் அவளுக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி.

வேறு ஊரில் என்றால் நானும் பொறுத்திருப்பேன். எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. ஒழுங்கை முடிந்தால் மறீன் டிரைவ் என்கிற கடலோர வீதி. அதைத் தாண்டினால் தண்டவாளம். அதற்கப்பால் கல்லும் கடலும். ரயில் போகும்போதெல்லாம் எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் ஒருத்தி எப்படி நிம்மதியாக மூச்சு விடுவது? வாசல் கதவுக்கு மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி போட்டேன். சமைத்துக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

“நீர் சும்மா பயந்து பயந்து பிள்ளையையும் பயப்படுத்துறீர்” என்பார் என் கணவர். அவருக்கென்ன. காலையில் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். ரயில் சத்தத்தைக் கேட்டபடி பகல் முழுக்கப் பிள்ளையின் பின்னால் ஓடுவது நான்.

அவள் மனம் வைத்துப் பார்த்த ஒரே ஆள் ஒரு முள்ளம்பன்றிக் குட்டி. வெளிநாட்டுக் கார்ட்டூன். கணவரோடு வேலை செய்கிற ஒருவர் அதன் முதல் சீசனைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. எல்லாம் கையால் வரைந்த படங்கள். வர்ணம் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் கசிந்திருக்கும். குட்டி ரயில் பாதையோரத்தில் ஒரு வளையில் இருக்கிறது. மழை பெய்தால் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கதையின் முடிவிலும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் குந்தியிருந்து ரயிலுக்குத் தலையாட்டும். அவ்வளவுதான், எனக்குக் கொட்டாவி வந்துவிடும். மகளோ இமைக்காமல் பார்ப்பாள். பார்த்து முடிந்ததும் யன்னலுக்குப் போய், கட்டடங்களின் இடுக்கில் தெரிகிற எங்கள் ரயிலுக்கும் தலையாட்டுவாள். நாங்கள் அதற்கு முள்ளன் என்று பெயர் வைத்தோம்.

இரண்டாம் சீசனில் முள்ளன் பேசத் தொடங்கினான். தமிழில், அதுவும் இந்தியத் தமிழில். “சீக்கிரம் வாடா கண்ணு!” என்று அவனுடைய அம்மா கூப்பிடுவாள், அவன் “இதோ வந்துட்டேம்மா!” என்று குதித்து வருவான். நான் துள்ளிக் குதித்தேன். தமிழில் கேட்டால் என்ர பிள்ளையும் ஏதாவது சொல்லமாட்டாளா? அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வீரிட்டு அழுதாள். மறுபடி போட்டேன், மறுபடியும் அழுதாள். அவளைப் போலவே வாய் திறக்காமல் இருந்த ஒரே கூட்டாளி அவன். அவனும் பேசிவிட்டான். அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன். படத்தில் இருக்கிற முள்ளம்பன்றிக்கே வாய் வந்துவிட்டது, கடவுளே, என் பிள்ளைக்கு வரவில்லையே!

மூன்றாம் சீசன் இங்குள்ள ஒரு சானலில் பின்னேரங்களில் சிங்களத்தில் போனது. முள்ளன் கொழுத்திருந்தான். முட்கள் மழுங்கி, தலைமயிர் மாதிரி ஆகியிருந்தன. தனியாக மழையில் நின்றவனுக்கு இப்போது முயல், தவளை, அணில் என்று ஒரு படையே சேர்ந்திருந்தது. என்ன அதிசயமோ, இந்தச் சீசனை மகள் ஏற்றுக்கொண்டாள். அந்தக் குரலில் லேசான கரகரப்பு இருந்தது, அதுதான் பிடித்ததோ தெரியாது. அந்த அரைமணி நேரம் எனக்கு விடுதலை. குசினியில் நின்று சோற்றை வடிப்பேன், கறியை இறக்குவேன். சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, ஆனால் முள்ளன் என்ன சொல்கிறான் என்று ஒருநாளும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு புதுப் பழக்கம் அவளிடம் வந்தது. நான் தொலைபேசியில் கதைக்கும்போது ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் “என்ன? வடிவாக் கேக்கேல்ல, என்ன?” என்று கத்திக்கொண்டிருப்பேன், அவள் வந்து நிற்பாள். போனில் பொறாமை என்று நினைத்து விலக்கிவிடுவேன்.

கொட்டாஞ்சேனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு மிஸ்ஸிடம் சனிக்கிழமைகளில் அவளைக் கூட்டிப்போவேன். பொறுமையான மனுசி. நான்தான் ஒவ்வொரு முறையும் “இவ கதைப்பாவா, மிஸ்?” என்று அவரை அரிப்பேன்.

“கதைக்கிறத இப்ப விடுங்க,” என்றார் ஒருநாள். “கூப்பிட்டா வரணும். முதல்ல அது வரட்டும். வந்த அண்டைக்கு எனக்குச் சொல்லுங்க.”

அடுத்த சனிக்கிழமை காலி வீதியில் புறக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றோம். சிங்களத்தில் பிட்டகொட்டுவ. அங்கே இறங்கித்தான் கொட்டாஞ்சேனைக்கு மாற வேண்டும். ஒரு கையில் குடை, மறு கையில் மகள். பஸ் ஒன்று வந்து நிற்கவும் முன்வாசலில் தொங்கிய கொண்டக்டர், “பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ! என்ன, என்ன, என்ன!” என்று கையை விரித்துக் கத்தினான். மகள் என் கையை உதறினாள். ஆட்களின் கால்களுக்கிடையால் ஓடினாள். நான் குடையை எறிந்துவிட்டுப் பாய்வதற்குள் மிதிபலகையில் ஏறி, அந்தக் கொண்டக்டரின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் உருளத் தொடங்கிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் சாரதி பிரேக் அடித்தான், உள்ளே நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

“கதா கரா, ஆவா” என்று சிரித்தபடி அவளைத் தூக்கித் தந்தான் கொண்டக்டர். கூப்பிட்டேன், வந்தாள் என்கிறான். “ஹொந்த லமயா” என்று கன்னத்தையும் தட்டினான். நல்ல பிள்ளையாம்! அறைந்துவிடலாம் போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் போன பிறகுதான், தெருவோரத்தில் அவளை இறுக்கிக்கொண்டு நின்றபோது, அவன் சொன்னது எனக்கு உறைத்தது. கூப்பிட்டான். வந்தாள்.

சிங்களத்தில் “என்ன” என்றால் வாருங்கள் என்று அர்த்தம். நாள் முழுக்க இந்த ஊரில் நான் இரண்டையும் கேட்கிறேன், கடையில் அது, வீட்டில் இது, ஒருநாளும் எனக்குக் குழம்பியதில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து டீவிக்கு முன்னால் முதல் தடவையாகக் குந்தினேன். முள்ளன் வளை வாசலில் வந்து நின்றான். இரண்டு கையையும் விரித்தான். “என்ன! என்ன!” என்றான். முயலும் தவளையும் அணிலும் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டன. கதைக்குக் கதை அப்படித்தான் தொடக்கம்.

குசினிக்குள் போய் நின்று “என்ன” என்றேன். குட்டிக் கால்களின் சத்தம் கேட்டது. வந்துவிட்டாள்.

சந்தோசப்பட்டிருக்க வேண்டும். நானோ ஓடிப்போய் வாசல் கொண்டி இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். இந்தக் கொழும்பு முழுக்க அந்தச் சொல்தானே! பஸ்ஸில் அது, மரக்கறிக் கடையில் அது, முன்பின் தெரியாதவன் ஒருவன் ஒழுங்கை மூலையில் நின்று சொன்னாலும் அது. அம்மா கூப்பிட்டால் வராதவள் ஊரே கூப்பிட்டால் போவாள்.

“பிள்ளை வாறாளே, அதைப் பிடிச்சுக்கொள்ளுமன்” என்றார் கணவர்.

“ஆர் கூப்பிட்டாலும் போவாள், விளங்குதே உங்களுக்கு? நாளைக்கு எவனோ ஒருத்தன் என்ன எண்டா அவனோட போய்டுவாள்!”

மிஸ்ஸும் அவர் பக்கம்தான். அந்தச் சொல்லையே பிடித்து, அதோடு வாங்கோவையும் சேர்த்துச் சொல்லிப் பழக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்று நின்றேன். வீட்டில் அந்தச் சொல்லுக்கே தடை போட்டேன், முள்ளன் கூப்பிடும்போது டீவிச் சத்தத்தையும் அடக்கினேன். போனில்கூட “சொல்லுங்கோ” என்றுதான் கதைத்தேன். கணவர் மறந்துபோய் “என்ன சாப்பாடு?” என்று கேட்டுவிட்டு, மகள் வந்து நிற்க, என் முறைப்புக்கு நாக்கைக் கடித்துக்கொள்வார். “வாங்கோ பிள்ளை, அம்மாட்ட வாங்கோ” என்று பகல் முழுக்கக் கத்தினேன். அவள் திரும்பவேயில்லை.

பிறகு நான்காம் சீசன் வந்தது. முள்ளன் முழுதாகக் கம்ப்யூட்டரில் செய்தவனாக வந்து குதித்தான். ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக மினுங்கியது, கண் இரண்டும் கோப்பை அளவுக்கு வீங்கியிருந்தது. வளை இல்லை. மழை இல்லை. தண்டவாளம் இருந்த இடத்தில் ஹெலிகொப்டர் இறங்கும் மேடை. கூட்டாளிகளைக் கையை விரித்துக் கூப்பிடுவதும் இல்லை, கையில் கட்டிய கருவியில் பொத்தானை அமுக்குவான், எல்லாரும் வந்து விழுவார்கள். குரலும் வேறு யாருடையதோ. மகள் டீவிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அதன் பின்பக்கம் போய் வயர்களுக்குள் எட்டிப் பார்த்தாள். பழையவனை அங்கே தேடியிருக்கிறாள். பிறகு யன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரயில் போனது. தலையாட்டினாள். அடுத்தது வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு டீவியைப் போட்டாலும் அவள் யன்னலிலேயே நின்றாள். அந்த நிற்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. யன்னல் கொண்டியையும் இறுக்கினேன்.

அடைத்து வைத்தே வளர்க்கப்போகிறீரா என்று கணவர் கேட்டதால்தான் ஒருநாள் பின்னேரம் அவளை வெளியே கூட்டிப்போனேன். மறீன் டிரைவைக் கடந்து கடல் பக்க நடைபாதைக்குப் போனோம். வெள்ளவத்தைச் சனம் பாதிப்பேர் அங்கே நடந்துகொண்டிருந்தார்கள். அவளுடைய மணிக்கட்டை விலங்கு போட்டது மாதிரிப் பிடித்திருந்தேன். என் செருப்பு வார் அறுந்தது. குனிந்தேன். அறுந்த வாரை ஓட்டைக்குள் செருக ஒரு கை போதவில்லை.

நிமிர்ந்தபோது அவள் இல்லை.

தண்டவாளத்தில் இருந்தாள். எனக்கு ஒரு பஸ் நீளத்துக்கு அப்பால், இரும்புக்குப் பக்கத்திலிருந்த கல்லில், முதல் சீசனில் முள்ளன் இருப்பானே, அப்படியே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். தெகிவளைப் பக்கமிருந்து ரயில் கூவியது. நான் அவள் பெயரைக் கத்தினேன். “வாங்கோ! வாங்கோ பிள்ளை!” அவள் ரயில் வரும் திசையைப் பார்த்துத் தலையாட்டத் தயாராக இருந்தாள். ஓடினேன். அறுந்த செருப்பு கல்லில் மாட்ட, முகங்குப்புற விழுந்தேன். எழும்ப முழங்கால் கேட்கவில்லை. பின்னால் யாரோ சிங்களத்திலும் தமிழிலும் கத்துகிறார்கள், ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ரயிலின் முகம் தெரிந்தது. தண்டவாளம் இரைந்தது.

ஐயோ என் பிள்ளை!

விழுந்த இடத்திலேயே முழங்காலில் நிமிர்ந்து, இரண்டு கையையும் விரித்து, வயிற்றிலிருந்து கத்தினேன்.

“என்ன! என்ன! என்ன!”

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். எழுந்தாள். கல்லுக்குக் கல் கால் வைத்து, விழுந்துவிடாமல், அவசரமே இல்லாமல் வந்தாள். எனக்குக் கண்ணை மூடவும் பயம், திறந்திருக்கவும் பயம். “என்ன, என்ன” என்று கத்திக்கொண்டேயிருந்தேன். அவளுடைய கை என் கைக்கு எட்டியது. இழுத்து எனக்குக் கீழே போட்டு அமுக்கினேன். ரயில் எங்களுக்குப் பக்கத்தால் போனது. அதன் காற்றும் தூசியும் முதுகில் அடித்தன. கடைசிப் பெட்டி போன பிறகும் நான் அவளை விடவில்லை.

சனம் சுற்றி வந்துவிட்டது. யாரோ தண்ணீர்ப் போத்தல் நீட்டினார்கள். அவள் என் பிடிக்குள்ளிருந்து மெல்ல நெளிந்து வெளியே வந்தாள். என் கன்னத்தில் ஒட்டியிருந்த சிறு கல்லைத் தட்டிவிட்டாள். தலையைச் சரித்து, போனில் நான் கேட்கிற அதே இழுப்பில், தமிழில் கேட்டாள்.

“என்ன?”

பிள்ளை என்னைக் கேட்கிறாள். இவ்வளவு காலமாக இந்தக் குரலைக் கேட்கத்தான் தவம் கிடந்தேன். அவளை மறுபடி இழுத்துச் சுற்றிப் பிடித்தேன், அந்தக் கையை எடுக்க முடியவில்லை.

“ஒண்டுமில்லை பிள்ளை,” என்றேன். “ஒண்டுமில்லை.”