மந்திரிக்குப் பின்னால் தரை துடைத்தவர்

கதிரு, பவானி... இந்த வாரம் இந்தப் பக்கம் உங்கள் இருவருக்கும்.

வழக்கமாகப் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் என் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வந்துவிடுகிறேன். நீங்களும் கூட உட்கார்ந்து கேட்கலாம், தடையில்லை. கதிரு எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவான். பவானிக்கு அவள் அம்மா படித்துக் காட்டுவாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், என் பேட்டரிக் கடையைத் திறக்கப் போகும் வழியில், கோ அவுங்கின் லப்பயே கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமான கூட்டம். கோ அவுங் தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டு எல்லோரும் பார்க்கும்படி சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார்.

ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகம். வெள்ளை வெளேரென்று ஒரு சொகுசுக் கப்பல், நம் வீட்டு மாடிகளை விட அதற்கு மாடி அதிகம். கப்பலுக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒரு மந்திரி. சட்டையில் நீலமும் மஞ்சளுமாக ஒரு ரிப்பன். ரஷ்யாவின் பெரும் பணக்காரர் ஒருவருடைய கப்பலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம், போர் நடத்துகிறவர்களின் நண்பர்களுக்கு இதுதான் கதி என்று அவர் பேசுவதாகக் கீழே பர்மிய எழுத்து ஓடியது.

டீக்கடையில் ஒருவர் மேஜையைத் தட்டினார். இன்னொருவர் அப்படிப் போடு என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பணக்காரனுக்கு ஒரு அடி விழுந்தால் யாருக்குத்தான் டீ இனிக்காது?

அப்போது கோ அவுங் வீடியோவை நிறுத்தினார். இரண்டு விரலால் படத்தை விரித்தார். மந்திரியின் தோளுக்குப் பின்னால், மேல்தளத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தார். இது உன் மச்சான் இல்லையா என்று கேட்டார்.

ஆமாம். சேகர். உங்கள் மாமா.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ உங்கள் கைக்கும் வந்துவிட்டது. “எங்க மாமா மந்திரிகூட இருக்காரு” என்று கதிரு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தான். பவானி தனாக்காச் சாந்து பூசிய கன்னத்தைப் போனில் ஒட்டி வைத்து மாமாவுக்கு முத்தம் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னிடம் கையைக் கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். வாழ்த்து! நான் சிரித்து வைத்தேன். என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள் மாமா அந்தக் கப்பலில் கைதி. விலங்கு கிடையாது, காவல் கிடையாது. ஆனாலும் கைதிதான்.

கப்பலைப் பிடித்தார்களே தவிர, அது இன்னும் அந்தப் பணக்காரரின் சொத்துதான். விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. சட்டப்படி அது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். யார் பார்ப்பது? கப்பலில் இருந்தவர்கள். நல்ல பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் முதல் மாதமே விமானம் ஏறிவிட்டார்கள். கேப்டனும் போய்விட்டார். மிச்சம் இருப்பது உங்கள் மாமாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும்.

சம்பளம்? பணக்காரரின் கணக்கை முடக்கியாயிற்று. அதிலிருந்துதான் சம்பளம் வர வேண்டும். கப்பல் பெயரைச் சொன்னாலே பேங்கில் தள்ளிவிடுகிறார்கள். சரி, யாரோ ஒரு புண்ணியவான் கொஞ்சம் கொடுத்தார், அதை வீட்டுக்கு அனுப்பலாம் என்று போனால், பர்மா என்று நம் நாட்டின் பெயரைப் பார்த்து இன்னொரு முறை தள்ளுகிறார்கள். ரஷ்யாக்காரர்களுக்குப் போட்ட தடைப் பட்டியலிலும் சேகர் பெயர் இல்லை. நம் நாட்டுக்குப் போட்ட தடைப் பட்டியலிலும் இல்லை. ஆனால் இரண்டு கதவும் அவன் முகத்தில்தான் சாத்தப்படுகின்றன.

இறங்கி வந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கப்பலை விட்டு இறங்கினால் அந்த நாட்டில் இருக்க அனுமதி இல்லை. வர வேண்டிய சம்பளமும் போய்விடும். ஊருக்கு வந்துவிட்டால், அவன் வயதுக்காரன் மறுபடியும் கடலுக்குப் போக முடியுமா? ஏன் முடியாது என்பதை இங்கே விரிக்க மாட்டேன். நம் பபேடான் பேட்டையில், பட்டாளத்திலிருந்து கடிதம் வருமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தப் பணக்காரர் எங்கே? வெயில் காயும் ஏதோ ஊரில், வேறு ஒரு கப்பலில் இருக்கிறாராம். இதுவும் போனில் வந்த செய்திதான்.

எனக்கு ஆத்திரம் வருகிறது பிள்ளைகளே. போர் நடத்துகிறவர்களைக் கண்டிக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? குண்டு விழுந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு டிவி தேவையில்லை. குண்டு விழுகிற ஊரில் இருக்கும் அம்மாக்களுக்காக ஏதாவது செய்யுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் என்ன செய்கிறார்கள்? கட்டடத்துக்குக் கலர் லைட் போடுகிறார்கள். ஹோட்டலில் ரஷ்ய சாலட்டின் பெயரை மாற்றுகிறார்கள். எங்கோ பூனைப் போட்டியில் ரஷ்யாவிலிருந்து வரும் பூனைகளுக்கு இடமில்லை என்றுகூடச் சொன்னார்களாம். அதை நான் படித்தபோது கதிரு கேட்டான்:

“பூனை என்னப்பா பண்ணுச்சு?”

யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

வீடியோ வந்த மறுநாள் சேகர் போன் செய்தான். முதலில் ஒரே கிண்டல். மந்திரியோடு நின்றுவிட்டேன், இனி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், ஊ சேகர் என்று மரியாதையாகச் சொல்லுங்கள் என்றான். நானும் சரிங்க ஊ சேகர் என்றேன். பிறகு குரல் இறங்கிவிட்டது.

“ரெண்டு நாளா அந்த ஒரு எடத்தையே தொடைக்கச் சொன்னாங்க அத்தான். படத்துல பளபளன்னு இருக்கணுமாம். கேமராவப் பாக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க.”

கேட்டீர்களா? பிடித்த கப்பல் படத்தில் பளபளக்க வேண்டும். அதைத் துடைக்கிறவனுக்குச் சம்பளம் கிடையாது. அவன் நிமிர்ந்து பார்க்கவும் கூடாது.

அதற்கப்புறம் அவன் சொன்னதுதான் எங்களுக்குக் கஷ்டமாகிவிட்டது. பவானியின் காதுகுத்துக்கு இனி எனக்காகக் காத்திருக்க வேண்டாம், குத்திவிடுங்கள் என்றான்.

பவானி, உன் காதுகுத்தை இரண்டு தடவை தள்ளிப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் மாமா வருகிறேன் என்றார், வர முடியவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது நம் வழக்கம். ஏன் என்று நீ கேட்டாய். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வலிக்கிற நேரத்தில் பிடித்துக்கொள்ள அம்மா வீட்டிலிருந்து ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மாமா. உன் அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி.

அம்மா போனை வாங்கினாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

என் அக்காதான், உங்கள் அத்தை, ஒரு வழி சொன்னாள். த்வாண்டேயில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாரி இருக்கிறார். அவரும் மாமா முறைதானே, அவர் மடியில் உட்காரட்டும். பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, ஊரில் கேட்கிறார்கள்.

அம்மா தலையாட்டினாள். போன வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தோம்.

மாரி நல்ல மனிதர். விடியுமுன்பே கிளம்பி, புது லுங்கி கட்டிக்கொண்டு, தட்டு நிறையப் பழத்தோடு வந்தார். கோயில் மண்டபத்தில் பலகையில் உட்கார்ந்தார். நீ அவர் மடியில் உட்கார்ந்தாய். கரண்ட் போய்விட்டது, ஃபேன் நின்றது, யாரும் கண்டுகொள்ளவில்லை. சேகரை வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தோம். லைன் கிடைக்கவில்லை. நல்ல நேரம் போய்விடும் என்று அத்தை அவசரப்படுத்தினாள்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். நீ அழுதாய். மாரி உன்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாயில் சர்க்கரை போட்டார்கள். தோடு ஏறிவிட்டது. ஆசாரி இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

நீ இடது காதைக் கையால் மூடிக்கொண்டாய்.

“இது வேணாம். இது சேகர் மாமாவுக்கு.”

வலிக்குப் பயந்துகொண்டு சொல்கிறது என்று அத்தை சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் கையை விலக்கப் போனேன்.

“வலிக்கலே” என்றாய். பிறகு, “வலிக்குது. ஆனா அதுக்கில்லே. மாமா வந்து அவரு மடியில குத்தட்டும்.”

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒத்தக் காதோட ஒரு பொம்பளப் புள்ளையா? பள்ளிக்கூடத்துல சிரிக்க மாட்டாங்க?”

“சிரிக்கட்டும்.”

அபசகுனம் என்றாள் அத்தை. ஆசாரி இத்தனை வருஷத்தில் ஒரு காதோடு யாரையும் அனுப்பியதில்லை என்று இழுத்தார். பாவம் மாரி, உன்னை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அப்பா. நான்தான் அதட்டியிருக்க வேண்டும்.

உன் அம்மா முன்னால் வந்து நின்றாள்.

“விடுங்க அண்ணி” என்றாள். “அவ காது.”

அவ்வளவுதான். மாரி அந்த நிமிஷமே, “எனக்கும் அதான் சரின்னு படுதுக்கா” என்று உன்னை இறக்கிவிட்டு, சாப்பாடு எப்போது என்று கேட்டார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. இரண்டு வாரமாக நான் என்ன பேசிக்கொண்டிருந்தேன்? அடையாளத்துக்குச் செய்கிற காரியம் எல்லாம் வெறும் நடிப்பு, யாருக்கும் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை என்று டீக்கடையில் சண்டை போட்டேன். இப்போது என் மகள் செய்தது என்ன? அதுவும் அடையாளம்தானே? ஒரு காதைக் குத்தாமல் விட்டால் உன் மாமா வந்துவிடுவாரா? வங்கி திறக்குமா? மந்திரிக்குத்தான் தெரியப் போகிறதா?

தெரியாது. ஒன்றும் நடக்காது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மந்திரி நெஞ்சில் ரிப்பன் குத்திக்கொண்டார், வலி உங்கள் மாமாவுக்கு. படம் எடுத்து முடித்ததும் மந்திரி காரில் ஏறிவிட்டார், மாமா அங்கேயே இருக்கிறார். உன்னுடையதில் கேலியும் உனக்குத்தான், இன்னொரு தடவை ஊசிக்கு உட்கார வேண்டியவளும் நீதான். வேறு யாரும் அதற்காகக் குனிந்து தரை துடைக்க வேண்டியதில்லை.

அதனால் இனிமேல், போர் நேரத்தில் நாங்கள் அடையாளமாக இன்னதைச் செய்தோம் என்று யார் வந்து நின்றாலும் நான் கேட்கப் போவது ஒன்றுதான். அது யார் காது?

இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே கைதட்டும் படங்கள் குவிந்துகொண்டே இருக்கின்றன. கோ அவுங் கடையில் இப்போது அதைப் போடுவதில்லை. நான் போய் உட்கார்ந்தால் அவராகவே ஒரு டீ கூடுதலாக வைத்து, மச்சானுக்கு என்கிறார். அதையும் நானே குடிக்கிறேன். வேறு என்ன செய்ய?

திங்கட்கிழமை பவானி ஒரு தோட்டோடு பள்ளிக்கூடம் போனாள். சிரித்தார்களாம். டீச்சர் கூப்பிட்டு இன்னொரு தோடு எங்கே என்று கேட்டாராம். கப்பலில் இருக்கிறது என்று பர்மிய மொழியில் பதில் சொன்னாளாம். கதிருதான் வந்து சொன்னான். அவன் குரலில், மாமாவை மந்திரியோடு பார்த்த அன்றைக்கு இருந்ததை விடப் பெருமை கூடுதலாக இருந்தது.

ஆனால் தோடு கப்பலில் இல்லை. ஆசாரி கொடுத்த சின்னக் காகிதப் பொட்டலத்தில் வீட்டில்தான் இருந்தது.

மறுநாள் நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போன பிறகு, அம்மாவும் பஜாருக்குப் போயிருந்தாள். பீரோவைத் திறந்தேன். காதுகுத்தன்று மாமா உடுத்துவதற்கென்று அவள் வாங்கி வைத்த வேட்டி சட்டை, கடைக் கவரோடு அப்படியே இருந்தது. சட்டையை வெளியே எடுத்தேன். பொட்டலத்தை அதன் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டேன். மடிப்பு கலையாமல் திரும்பவும் கவருக்குள் வைத்தேன்.

பீரோவைச் சாத்தினேன். பூட்டவில்லை.