மார்கழியில் கூட்டாத மூலை

வாசலில் ஒரு காய்ந்த இலை கிடந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் காலையில் முதலில் கேட்பது என் விளக்குமாற்றுச் சத்தம்தான். மார்கழி என்றால் கேட்கவே வேண்டாம். கூட்டி, சாணி தெளித்து, கோலம் போட்ட பிறகுதான் தேத்தண்ணி.

ரப்பர்ப் பால் வெட்டப் போன மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு அடிபட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் கட்டிலே கதி என்று கிடந்தார். பேச்சும் குறைந்துவிட்டது. நடக்கச் சொல்லி டொக்டரும் சொன்னார், நானும் கத்திப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை. போன கார்த்திகையில் ஒரு நாள் பார்த்தால், கம்பை ஊன்றிக்கொண்டு பின்வாசலில் நிற்கிறார்.

"புள்ள, அந்தப் பலாமரத்தடிய மட்டும் கூட்டாத. அங்க ஒரு குருவி வருது."

ஆறுமணிக்குருவி. பக்கத்துச் சிங்கள வீடுகளில் அவிச்சியா என்பார்கள். காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, இரண்டு சீழ்க்கை. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு. சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தின்னும். குளிருக்கு இந்தியாவிலிருந்து வருகிறதாம். எங்கள் பூட்டன் ஒரு தடவை கடல் கடந்து வந்ததையே வீட்டில் கதை கதையாகச் சொல்வார்கள். இந்தக் கையளவு குருவி வருடா வருடம் போய் வருகிறது! அந்தத் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்காது.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மூலையை விட்டுவைத்தேன். இவர் மண்சட்டியில் தண்ணீர் வைத்து, நுளம்பு முட்டையிடாமல் தினமும் மாற்றினார். பூனையை விரட்டினார். கட்டிலுக்கும் பலாமரத்துக்கும் நாலு நடை நடந்தார். சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டைகூடப் பிடித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பொங்கலுக்கு முதல் நாள் லயமே குப்பையைக் கொளுத்தியது. அவர் கிளினிக்குக்குப் போயிருந்தார். பொங்கல் பானை வைக்கிற வீட்டில் சருகா என்று, பலாமரத்தடியையும் வாரி நெருப்பு வைத்துவிட்டேன். தரை பளிச்சென்று இருந்தது.

அவர் வந்து பார்த்தார். "பொங்கல்தானே" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி ஆறியிருப்பேன். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சீழ்க்கை கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவர் எழும்பவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தை மாதம் ரப்பர் மரங்கள் இலை கொட்டும். எங்கள் தோட்டத்துக்குக் குளிர்காலம் அதுதான். வேலை முடிந்ததும் உரச்சாக்கில் சருகை அமுக்கி அமுக்கித் தலையில் சுமந்து வந்தேன். ஒரு சாக்கு இல்லை, அஞ்சு சாக்கு.

"என்னக்கா, ஊரே குப்பைய வெளிய கொட்டுது, நீங்க வீட்டுக்குச் சுமக்கிறீங்க?" என்று பக்கத்துக் காம்பராக்காரி சிரித்தாள்.

"வேண்டுதல்" என்றேன்.

கணுக்கால் புதைய மரத்தடியில் பரப்பி, சட்டியில் தண்ணீரும் வைத்தேன். ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. குருவிக்கு நான் செய்தது துரோகம் என்று எனக்கே அழுகை வந்தது.

ஒரு விடியலில் முன்வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே டொக், டொக் என்று கம்பு ஊன்றும் சத்தம். கட்டிலிலிருந்து பின்வாசலுக்கு. குருவியின் சீழ்க்கை எனக்கு அதற்குப் பிறகுதான் கேட்டது. விளக்குமாற்றைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.