கார் கதவில் ஒரு ஹீல்ஸ்

காரில் ஒடுக்கு விழுந்தால் நீங்கள் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? ஒடுக்கு எடுக்கிற பட்டறையில் வேலை பார்ப்பவள் நான், பதில் எனக்குத் தெரியும்: தூணை. ஆம்பூரில் எங்கள் பட்டறைக்கு வருகிற யாருமே போய் இடித்தவர்கள் இல்லை. தூண் குறுக்கே வந்தது, மாடு திடீரென்று திரும்பியது, கேட் தானாக மூடிக்கொண்டது. நானும் ஸ்கூட்டியைக் கொண்டுபோய் வாசல் கேட்டில் விட்டவள்தான். கேட் மேல்தான் தப்பு. அதனால் கூச்சப்படாமல் படியுங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

ஒரு மாசம் பார்க்கலாம்

ஒடுகத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகி ஆம்பூர் வந்து ஷூ கம்பெனியில் நாலு வருஷம் தோல் செக்கிங். தோல் மேல் உள்ளங்கையை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தைக் கண்டுபிடித்து சாக்பீஸால் வட்டம் போடுவது வேலை. பாப்பா பிறந்த பிறகு அது ஒத்துவரவில்லை. விடியலில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்கணும், அதற்குள் அவள் தூங்கிப்போவாள்.

பாப்பாவின் அங்கன்வாடிக்கும் ரஹ்மத் பாயின் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கே அவள் அழுதால் இங்கே கேட்கும். அதற்காகவே பாயிடம் போய் வேலை கேட்டேன். வண்டி துடைக்க, போன் எடுக்க அவருக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஆனால் பட்டறையில் பெண்ணை வைத்துப் பழக்கமில்லை. ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். பிறகு சொன்னார்: "ஒரு மாசம் பாக்கலாம்மா. வண்டிக்காரங்க உன்ன வண்டில கை வெக்க வுட்டா இரு. இல்லன்னா நீயும் பேஜாராவாத, என்னையும் பேஜார் பண்ணாத."

வெந்நீர் வாத்தியார்

முதல் வாரம் ஒரு கணக்கு வாத்தியார் நொண்டிக்கொண்டே வந்தார். வெந்நீர் ஊற்றினால் ஒடுக்கு போய்விடும் என்று போனில் பார்த்திருக்கிறார். ஒரு குண்டான் கொதிக்கிற தண்ணீரைக் கதவில் ஊற்றினாராம். கதவு அசையவில்லை. தண்ணீர் வழிந்து கால்மேல் விழுந்துவிட்டது.

பட்டறையின் டிங்கர் குமார் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். வெந்நீர் வைத்தியம் பிளாஸ்டிக் பம்பருக்கு மட்டும்தான், தகரத்துக்குப் பலிக்காது. நல்லவேளையாக வாத்தியாரின் பின் பம்பரும் உள்ளே போயிருந்தது. டீக்கடையில் தண்ணீர் கொதிக்க வைத்து வாங்கி வந்தேன். ஊற்றினேன், கையுறை போட்டுக்கொண்டு பின்பக்கமிருந்து தள்ளினேன். டப்பென்று வெளியே வந்தது. உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நின்றுவிடும். என் கையை முதன்முதலில் வண்டியில் வைக்க விட்டவர் அவர்தான், அவருக்கு இன்றைக்கும் என் நன்றி. பம்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "வண்டிக்குப் பச்சத் தண்ணி ஊத்தின. என் காலுக்கு இன்னாம்மா ஊத்தறது?"

அழுத கார்

அடுத்து வந்தவர் தோல் பினிஷிங் யூனிட்டில் ஸ்ப்ரே அடிப்பவர். தோலில் குறை இருந்தால் அதை நிரவி, மேலே கலர் அடித்து மறைப்பது அவர் கைவந்த கலை. அதே கைவரிசையைத் தன் சிவப்புக் காரில் காட்டியிருக்கிறார். ஒடுக்கைப் பட்டிப் பசையால் நிரப்பித் தேய்த்து, யூனிட்டில் மிச்சமிருந்த தோல் கலரை அடித்தாராம். கலர் அச்சு அசலாக ஒத்துப்போயிற்று, தெருவே பாராட்டியது. ரெண்டாம் நாள் மழை. கதவிலிருந்து சிவப்பாக வழிந்து வாசல் கோலமெல்லாம் ஒரே சிவப்பு.

தகரத்துக்குத் தகரத்தின் பெயின்ட் என்று பாய் பொறுமையாகச் சொன்னார். ஸ்ப்ரேக்காரர் கேட்டுக்கொண்டார், ஆனால் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை: "எங்க யூனிட்ல இது பாஸ் ஆயிருக்கும் பாய்."

கண்ணை மூடிக்கொண்டு

ஒருநாள் குமார் அண்ணன் தட்டி முடித்த பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி ஒரு இடத்தில் லேசாக ஏறி இறங்கியது. பழைய பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு திரும்ப ஓட்டினேன். உள்ளங்கைக்கும் தகரத்துக்கும் நடுவில் மெல்லிய துணி இருந்தால் மேடு பள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும். சாக்பீஸ் எடுத்து வட்டம் போட்டேன்.

அண்ணனுக்குக் கோபம். வட்டத்தை அழித்துவிட்டு பிரைமர் அடித்தார். காய்ந்ததும் வெயிலில் நிறுத்திப் பார்த்தால், வட்டம் போட்ட அதே இடத்தில் ஒரு அலை. திரும்பவும் சுத்தியலை எடுத்தார். பிற்பாடு எந்த வண்டி முடிந்தாலும் என்னைக் கூப்பிட்டுத் தடவச் சொல்வார், கூடவே ஒரு நக்கலும் வரும்: "வாம்மா, கைல கண்ணு வெச்சிக்கினு பொறந்தவளே."

தோப்புக்காரர்

நாலாவது வாரக் கடைசியில் ஏலகிரி அடிவாரத்துத் தோப்புக்காரர் ஒருவர் வந்தார். துபாயில் இருக்கும் மகனின் காரை, தொடாதே என்று அவன் சொல்லிவிட்டுப் போயும், எடுத்து ஓட்டியிருக்கிறார். பின் கதவில் சாத்துக்குடி அளவுக்கு ஒடுக்கு. பெயின்ட் மட்டும் உடையவில்லை. வெள்ளிக்கிழமை மகன் வருகிறான். நான் துணியோடு பக்கத்தில் போனேன். அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் பாயிடம் பேசினார்: "ரஹ்மத், நான் வண்டிய வேலைக்கு வுட வந்தேன். சோறாக்கிப் போட இல்ல."

சாவியோடு போய்விட்டார். பாய் வைத்த ஒரு மாசக் கெடுவில் நாலைந்து நாள்தான் பாக்கி. சுவருக்கு அந்தப் பக்கம் பாப்பா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். மறுபடி கம்பெனி பஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்பாவின் பொம்மை

புதன்கிழமை அவரே திரும்பி வந்தார். வேலூர் பட்டறையில் முழுக் கதவுக்கும் பட்டி, பெயின்ட், ஒரு வாரம் ஆகும் என்றார்களாம். குமார் அண்ணன் கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தார். குறுக்கே இரும்புச் சட்டம், பின்னாலிருந்து தள்ளக் கை நுழையவில்லை. வெளியிலிருந்துதான் இழுக்கணும், அதற்கான கருவி எங்களிடம் இல்லை.

எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. கம்பெனியில் ஒதுக்கிப்போட்ட லேடீஸ் செருப்பு ஹீல்ஸ் நாலைந்து பாப்பாவிடம் உண்டு. அதுதான் அவள் பொம்மைக் குடும்பம். ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்தேன். ஸ்டேஷனரி கடையில் சூடாக்கி ஒட்டுகிற குளூ கன் வாங்கினேன். கதவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். ஹீல்ஸின் சின்ன நுனியில் பசை வைத்து ஒடுக்கின் நடுவில் ஒட்டி, ஆறவிட்டு, அகலமான பக்கத்தைப் பிடித்து நேராக இழுத்தேன். முதல் இழுப்பில் பசைதான் பிய்ந்தது. ரெண்டாவதில் தகரம் கொஞ்சம் மூச்சு விட்டது. ஒட்டுவது, இழுப்பது, ஓரத்தில் அண்ணன் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுவது என்று ஒன்பது தரம், கதவு சமமாகிவிட்டது. ஸ்பிரிட் தொட்டதும் பசையும் உரிந்து வந்துவிட்டது.

தோப்புக்காரர் குனிந்து பார்த்தார், எட்டப் போய்ப் பார்த்தார். பிறகு என்னிடமே நேராகப் பேசினார்: "கண்ண மூடிக்கினு இன்னொரு தரம் தடவிப் பாரும்மா. எம்புள்ள வந்ததும் என்னப் பாக்க மாட்டான், கதவத்தான் தடவுவான்."

அன்றைக்கு எனக்குச் சரியாக முப்பதாவது நாள். வெந்நீர், ஸ்பிரிட், துணி, ஒரு ஹீல்ஸ், இவ்வளவுதான் எங்கள் மலிவு வைத்தியம். தூண்களைக் குறுக்கே வரவிடாமல் நிறுத்தத்தான் இன்னும் வழி தெரியவில்லை. நாலு மணிக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, இனிமேலும் வேலைக்கு வரலாமா என்று எப்படிக் கேட்பது எனத் தெரியாமல் பாய் முன்னால் நின்றேன். அவர் நிமிராமலே சொன்னார்: "நாளைக்கு வரும்போது இன்னும் ரெண்டு ஹீல்ஸ் எடுத்தாம்மா, ஒண்ணு சின்னதா. கொழந்தகிட்ட கேட்டுட்டு எடு."