எங்கள் வளவில் நடந்த மாட்டு வழக்கு

என் மனைவி இப்போது சட்டத்தரணி. கறுப்பு மேலங்கியைக் கையில் போட்டுக்கொண்டு கல்முனை நீதிமன்றத்துக்குப் போகிறாள். படித்தது முழுக்க அவள்தான். அந்தப் படிப்பில் எனக்கும் ஒரு வேலை தந்தாள். அதற்காக அவளுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது. நேரில் சொல்ல வெட்கம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கதவு, நிலை, யன்னல் செய்யும் ஓடாவி. மரத்தோடு எவ்வளவு நேரமும் இருப்பேன்; ஆட்களோடு கதைப்பதுதான் சங்கடம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதுக்கு வந்தேன். பக்கத்து வீடு மனைவியின் ராத்தாவுடையது, அதாவது அவளுடைய மூத்த சகோதரியுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே வளவு, நடுவில் வேலி இல்லை. எனக்கு இல்லாத பேச்சையும் சேர்த்து ராத்தா பேசுவார்.

அப்போது மனைவி இரண்டாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் உம்மாமார் சிலர் நீதிமன்ற அழைப்பாணையை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து அவளிடம் வாசிக்கக் கொடுப்பார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் சொன்னாள்:

"வாசிச்சுக் குடுத்தா மட்டும் காணாது மச்சான். அவங்களுக்காக எழும்பி நிண்டு கதைக்கவும் ஒரு ஆள் வேணும்."

வேலை பார்த்துக்கொண்டே படிக்கக்கூடிய சட்டப் பட்டத்துக்கு அவள் சேர்ந்தது அப்படித்தான். எழுத்துப் பரீட்சை எல்லாம் ஒவ்வொன்றாகச் சித்தியடைந்தாள். கடைசி வருடத்தில் ஒரு மாதிரி வழக்கு இருந்தது. கற்பனையாக ஒரு வழக்கைக் கொடுப்பார்கள். நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கும் பரீட்சகர்கள் முன்னால் எழுந்து நின்று வாதாட வேண்டும். அதில் தவறிவிட்டாள்.

காரணம் இரண்டாம் வகுப்பு. இவ்வளவு காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய். ஒவ்வொரு நியாயத்தையும் சொல்லி முடித்து, பரீட்சகர்களைப் பார்த்து, "விளங்குதா?" என்று கேட்டிருக்கிறாள். தலை நரைத்த ஒருவர் இடையில் கேள்வி கேட்டதும், "நல்ல கேள்வி, கெட்டிக்காரன்!" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு வார்த்தையே வரவில்லை.

இன்னொரு தவணை கொடுத்தார்கள். "இதுலயும் போனா விட்டிருவன் மச்சான். இனி ஏலா" என்றாள். சும்மா சொல்கிறவள் அல்ல அவள். அத்தனை வருடப் படிப்பும் ஒரு வாய்ப் பழக்கத்தில் தொங்கிக்கொண்டு நின்றது.

பின்னேரத்தில் அசர் தொழுதுவிட்டு வந்தபின் என் பட்டறைக் கொட்டிலில் பழகத் தொடங்கினோம். மரம் சீவும் வாங்குப் பலகையில் என்னை ஏற்றி உட்காரவைத்து நீதிபதியாக்கினாள். எதிர்த்தரப்புக்கு ஆள் இல்லையே என்று யோசித்தபோது ராத்தா தேங்காய்ப்பாதியோடு வந்து, கூப்பிடாமலே அந்த இடத்தில் நின்றார்.

வழக்கு இதுதான்: ஒருவருடைய மாடு இன்னொருவருடைய வயலில் இறங்கி, கதிர் வரும் நேரத்து நெல்லைத் தின்றுவிட்டது. மனைவி வயற்காரர் பக்கம். ராத்தா மாட்டுக்காரர் பக்கம்.

"கௌரவ நீதிபதி அவர்களே," ராத்தா தொடங்கினார். "வேலிய ஒழுங்கா அடைக்காத ஆளுக்கு வயல் என்னத்துக்கு? உள்ளுக்கு வரவேணாம் எண்டு பலகையில எழுதி வச்சா மாடு வாசிக்குமா?"

"ராத்தா, நீங்க மாட்டுக்காரருக்குத்தான் கதைக்கணும். மாட்டுக்கு இல்ல" என்றாள் மனைவி.

"ரெண்டு பேருக்கும் நாந்தான் வக்கீல். ஒனக்கு என்ன?"

மனைவி தன் வாதத்தைச் சொன்னாள். முதல் நியாயம் முடிந்ததும் "விளங்குதா?" வந்தது. நான் நிறுத்தியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பக்கத்தில் கிடந்த மரச் சுத்தியலை, கொட்டாப்புளியை, எடுத்துப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"நீதிபதி தட்டமாட்டார் மச்சான், கேப்பார். கேள்வி கேளுங்க."

நெடுநேரம் யோசித்தேன். "மாடு... கட்டியா இருந்தது, அவுத்து உட்டா இருந்தது?"

"நல்ல கேள்வி! கெட்டிக்காரன்!" என்றாள் முகம் மலர்ந்து.

ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். "நீதிபதிட நெத்தியில ஒரு நட்சத்திரமும் ஒட்டி உடுங்க டீச்சர்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு 'கெட்டிக்காரன்' என்ற சொல்லை யாரும் எனக்குச் சொன்னதில்லை. உடம்பெல்லாம் ஒரு மாதிரிச் சந்தோஷம். இன்னும் நாலு கேள்வி கேட்டு நாலு தரம் அதை வாங்க வேண்டும் போலிருந்தது. மனைவியைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு கண் கலங்கி நின்றாள். எனக்கு இனித்த அதே சொல்தான் அவளைப் பரீட்சையில் விழுத்தியது.

"புள்ள," என்றேன். "அப்படிச் சொல்லாத. எனக்கும் சொல்லாத. கேட்டா வாய மூடி ஒரு மூச்சு எடு. பொறகு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. திரும்பத் தொடங்கு."

ராத்தாவுக்கு முன்னால் நான் அவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தரம்.

"தீர்ப்பு வந்திட்டு," என்றார் ராத்தா மெதுவாக, தங்கச்சியைப் பார்த்து. "தொடங்கு."

அதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் கேள்வி கேட்டேன். வேலி யார் அடைப்பது, மாட்டைப் பார்த்தது யார், வாய்க்கால் கரை யாருடையது. மரம் சீவும்போதே அடுத்த நாளுக்கான கேள்வி மனதில் ஓடும். கதவுக்கு அளவு சொல்ல வந்தவர்களிடமும் இரண்டொரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். அவர்கள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்கள்.

இரண்டாம் தவணை மட்டக்களப்பில் நடந்தது. நான் வெளி விறாந்தையில் நின்றேன். யன்னல் திறந்திருந்ததால் அவளுடைய குரல் கேட்டது. இந்த முறை வேறு வழக்கு, ஒரு வாடகை வீட்டுப் பிரச்சினை. நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் கடுமையான குரலில் குறுக்கே கேள்வி கேட்டார். உள்ளே சத்தமில்லை. அவள் விழுங்குகிற சொல் எதுவென்று எனக்குத் தெரியும். யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, "கௌரவ நீதிபதி அவர்களே," என்று தொடங்கி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

பின்னேரம் அவள் சித்தியடைந்துவிட்டாள் என்று அறிவித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ராத்தாவுக்குப் போன் எடுத்தோம்.

"என்னோட வாதாடினவளுக்கு அவங்கெல்லாம் ஒரு ஆளா?" என்று கத்தியவர், அடுத்த நொடி அழுதார்.

திரும்பி வரும் பஸ்ஸில் யன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது. வாதாடி வாதாடி அவளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. வழக்கமாக வழி முழுக்க அவள் கதைப்பாள், நான் தலையாட்டுவேன். அன்று நான் கதைத்தேன். கல்லாற்றுப் பாலத்தில் வெயில் சாய்ந்திருந்தது. முதிரை மரத்தைப் பற்றி, வீட்டு முன்கதவை மாற்றுவதைப் பற்றி, அந்தக் கேள்வி வந்தபோது வெளியே எனக்கு எப்படி இருந்தது என்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஊர் நெருங்கி, மருதமுனை தாண்டியும் நான் நிறுத்தவில்லை. அவள் என் தோளில் சாய்ந்தபடி தலையாட்டிக்கொண்டு வந்தாள்.