அரியண்ணை பஸ் பார்க்கிறார்

கடைசி வரிசையிலிருந்துதான் தொடங்குவார். ஜன்னலோரம் உட்கார்ந்து முழங்கால் இடிக்கிறதா என்று பார்ப்பார். எழுந்து பக்கத்து இருக்கைக்கு மாறுவார். மெத்தையைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு, அது மெல்ல மேலெழுந்து வரும்வரை காத்திருப்பார். ரொட்டித் தொழிற்சாலையில் காலமெல்லாம் மாவைச் சோதித்த விரல் அது. மெத்தை பாஸாகிவிட்டால், அந்த இருக்கைக்கு உடனே ஓர் ஆளை நியமித்துவிடுவார்.

"இது கனகம் மாமிக்கு. கால் நீட்டாட்டில் அவவுக்கு ஏலாது. இது பாரிஸ் குஞ்சியப்பாவுக்கு. அவருக்கு ஜன்னலும் வேணும், கதைக்க ஆளும் வேணும். கதவுக்குப் பக்கத்திலை, வளைவு வந்தால் சத்தி எடுக்கிற ஆக்கள்."

டோர்ட்முண்டுக்கு வெளியே பழைய பேருந்துகளை விற்கும் அந்த மனிதர் படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தம்பதிகள் அவருக்குப் பழக்கம். வருவார்கள், வண்டியை வாங்கி இருக்கைகளைப் பிடுங்கிப் போடுவார்கள், கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு போர்ச்சுக்கல் பக்கம் போய்விடுவார்கள். பிடுங்கப் போகும் இருக்கையில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறார் போலிருக்கிறது. கட்டிலை எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்டார். அரியண்ணை ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னார்.

"படுக்கை பிறகு வரும் பிள்ளை. முதல்லை ஆக்கள்."

முழுப்பெயர் அரியரத்தினம். கெல்சென்கிர்ச்சனில் நான் இருக்கும் கட்டடத்தின் மேல்மாடிக்காரர். சென்னையிலிருந்து நான் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் என் கம்பெனி அனுப்பிய கார் வரவில்லை. வேறு யாரையோ ஏற்ற வந்திருந்த இவர், என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, "தமிழோ? வாங்கோ, இடமிருக்கு" என்றார். இடம் இருக்கவில்லை. ஒரு பையனைத் தாயின் மடிக்கு மாற்றி எனக்கு இடம் உண்டாக்கினார். ஹம் நகரத்துக் கோயில் தேருக்கு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு, பாரிஸில் ஒரு செத்தவீட்டுக்கு என்று அவருடைய வேன் காலியாக ஓடி நான் கண்டதில்லை. மற்றவர்கள் வணக்கம் சொல்லும் இடத்தில் இவர் "எங்கை போறியள், இறக்கிவிடட்டோ?" என்பார்.

தொழிற்சாலையை விட்டு நின்றதும் அந்த வேனை விற்றார். இனி மனைவி இராஜேஸ்வரி அக்காவும் தானும் மட்டும் ஊர் சுற்றப் போகிறோம் என்று எல்லோரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு எட்டு இருக்கை உள்ள பேருந்தைத் தேட ஆரம்பித்தார். அவருடைய பழைய லைசென்ஸுக்கு ஏழரை டன் வண்டி வரை ஓட்டலாமாம். அதைக் கேட்ட அக்கா, "ஏழரையோ? அது எனக்குக் கலியாணத்தண்டே தொடங்கீட்டுது" என்றார்.

பேருந்து பார்க்க என்னை அனுப்பியதே அக்காதான். தான் வந்தால் அவர் விற்பவனோடு பேசாமல் தன்னோடு பேசிக்கொண்டு நிற்பாராம். சக்கரத்துக்கு மேலே துரு இருக்கிறதா, தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்ப்பது என் வேலை. நான் எதற்கும் கவலைப்படுகிறவள். இந்த நாட்டில் ஒரு தபால் உறை வந்தாலே இரண்டு தடவை மூச்சு விட்டுத்தான் பிரிப்பேன். துருவைப் பற்றிக் கனமான அறிக்கை ஒன்றைத் தயாரித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அக்கா சட்டைகளை அயர்ன் செய்துகொண்டிருந்தார்.

"எப்பிடி மைதிலி, பஸ்?"

"என்ஜின் நல்லா இருக்கு அக்கா. அடியில கொஞ்சம் துரு..."

"துருவை விடுங்கோ. எத்தினை சீற்?"

"எட்டு."

அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். குரல் உயரவில்லை.

"சூரிச்சுக்குப் போனம். நான் பாத்தது மச்சாளின்ரை குசினி அடுப்பு. லண்டனுக்குப் போனம். அதுவும் குசினி. லூர்து மாதாட்டைப் போனாலும் வழியிலை ஆரோ ஒராளின்ரை வீட்டிலை இறங்கி இருபது பேருக்குப் புட்டு அவிச்சனான். கடலை நான் இன்னும் வடிவாப் பாக்கேல்லைப் பிள்ளை. ரெண்டு பேரெண்டால் வாறன். மூண்டாவது ஆள் ஏறினால் அந்த இடத்திலையே இறங்கி ரெயினிலை வீட்டை வந்திடுவன். வந்தால் பிறகு அந்த பஸ்ஸிலை கால் வையன். சொல்லிப்போடுங்கோ."

"நீங்களே சொல்லலாமே அக்கா?"

"நான் சொன்னால் அந்த மனுசன் சிரிக்கும். நீங்கள் சொன்னால் யோசிக்கும்."

அடுத்த சனிக்கிழமை என் காரில் போகும்போது, நெடுஞ்சாலையில் ஏறியபிறகு சொன்னேன். அக்கா சொன்ன வார்த்தை எதையும் விடாமல் சொன்னேன். அரியண்ணை சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கடலெண்டு சொன்னவவோ?"

"சொல்லலை அண்ணை."

"கேட்டிருக்கலாம்."

அன்றைக்கு எட்டு இருக்கை, ஆறாயிற்று. அதற்கடுத்த வாரம் நாலு. "ஒரு அந்தரம் ஆபத்துக்கு" என்று ஒரேயொரு மடக்கு இருக்கை வரைக்கும் இறங்கி வந்தார். அதற்கு மேல் இறங்க அவரால் முடியவில்லை. இதற்குள் செய்தி பரவி, ஒஸ்லோவிலிருந்து யாரோ கோடை விடுமுறைக்கு இடம் கேட்டிருந்தார்கள். "பஸ் சின்னன்" என்று இவர் சொன்னாராம். அவர் ஒருவருக்கு இடமில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் இன்னும் வாங்காத பேருந்தில்.

விற்பவருக்கும் எங்கள் முகம் அலுத்திருக்க வேண்டும். கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு வண்டியைக் காட்டினார். ஏதோ ஒரு சிறு நகரத்து நூலகத்தின் நடமாடும் வண்டி. ஏறினால் இரண்டு பக்கமும் வெறும் அலமாரிகள், நடுவில் வெறும் தரை. முன்னால் ஓட்டுநருக்கு ஒன்று, பக்கத்தில் ஒன்று. வேறு இருக்கையே கிடையாது. கடைசி வரிசை தேடிப் போனவர், உட்காரச் சொல்லாத வீட்டுக்குள் வந்துவிட்டவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இதுக்குள்ளை ஆக்கள் எங்கை இருக்கிறவை?" என்று ஜெர்மனில் கேட்டார்.

ஆட்கள் வந்தார்கள், புத்தகம் எடுத்தார்கள், போய்விட்டார்கள் என்றார் விற்பவர்.

அரியண்ணை அலமாரியைத் தடவிக்கொண்டே என்னிடம் திரும்பினார். "கேட்டியளோ பிள்ளை? வந்திட்டுப் போயிருக்கினம். நல்ல சனம்."

சக்கரத்துக்கு மேலே துரு இருந்தது. சொன்னேன். அவர் காதில் விழவில்லை. முன்னால் போய், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கட்டைவிரலால் அமுக்கினார். அது எழும்பி வந்தது. இன்னொரு தடவை அமுக்கினார். இந்த முறை யார் பெயரையும் சொல்லவில்லை.

மறுவாரம் அக்காவையே கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா படியில் ஏறி நேரே அந்த இருக்கையில் அமர்ந்தார். பின்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பு எங்கே வரும் என்று கேட்கவில்லை. முன்கண்ணாடி வழியாகக் கொட்டகையின் சாம்பல் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. அதையே நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி பெரிசு" என்றார். வாங்குவதென்று முடிவானது.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் மழை. பிரேக் பிடிக்காவிட்டால், துடைப்பான் நின்றுவிட்டால், என்று எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு நான் என் காரில் பின்னாலேயே வந்தேன். முன்னால், அண்ணையும் அக்காவும் இருந்த வண்டியின் அகன்ற முதுகு ஒரு குலுங்கலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குள் நுழையும் இடத்துப் பேருந்து நிறுத்தத்தில், கூரைக்குள் நிற்க இடமில்லாமல், இரண்டு கையிலும் பையோடு சில்வெஸ்டர் நனைந்துகொண்டிருந்தார். அரியண்ணையோடு அதே ரொட்டித் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்தவர். பெரிய கண்ணாடிக்குள் யார் என்று தெரிந்ததும் ஒரு பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

பேருந்தின் வலப்பக்க விளக்கு மினுங்கத் தொடங்கியது. பிரேக் விளக்குகள் சிவந்தன. நானும் பிரேக்கை மிதித்தேன். வண்டி ஊர்ந்து ஊர்ந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வந்தது. சில்வெஸ்டர் கீழே வைத்த பையை எடுத்துக்கொண்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. 

வலப்பக்க விளக்கு அணைந்தது. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நகர்ந்தது. பையோடு ஓரடி முன்னால் வந்த சில்வெஸ்டர் அப்படியே நின்றார்.

அப்போது ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் இறங்கி, மழைக்குள் ஒரு கை வெளியே வந்தது. சட்டைக் கை நனைவதைப் பொருட்படுத்தாமல் அது முதலில் என் காரைக் காட்டியது. பிறகு வண்டிக் கூரையை நோக்கி வளைந்து, அந்தப் பக்கத்து நிறுத்தத்தைக் காட்டியது. நான் வேகத்தைக் குறைத்து, சில்வெஸ்டரை ஏற்ற வலப்பக்கம் ஒதுங்கும்வரை அந்தக் கை உள்ளே போகவில்லை.